கைநாட்டு வாங்குவதற்கு முன்னால்

"டாக்டர் சொன்னா சரிதான், எங்க போடணும்?" தஞ்சாவூர், திருவாரூர் கிராமங்களுக்கு மருத்துவ ஆய்வுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு. சம்மதம் கிடைத்துவிட்டதென்று ஆய்வாளர் சந்தோஷப்படுவார். ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும் எனக்கோ அங்கேதான் கவலை ஆரம்பிக்கும்.

வயலில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் (சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினால் குறைகிற ஒரு நொதி) அளவு பார்க்கும் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் போனதும் நிலத்துக்காரரைப் பார்ப்பார்கள். "நம்ம ஆளுங்கதான், நான் சொல்லிடறேன்" என்பார் அவர். மறுநாள் காலையில் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். அதில் யார் வேண்டாம் என்பது? அடுத்த வாரம் மருந்தடிக்கக் கூப்பிடப்போவதே அவர்தானே!

ஊர்ப் பெரியவர் அனுமதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத நடுநிலையான சாட்சி ஒருவர் கடைசிவரை கூட இருந்து கையெழுத்திட வேண்டும். நிலத்துக்காரரையே சாட்சியாக உட்கார வைத்தால் அது கூத்து. படிவத்தின் நகலும் பங்கேற்பவர் கைக்குப் போக வேண்டும்.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி ஆய்வில், விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். மறு வருடம் அரசு அதை நிறுத்தியது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். கேட்ட முறைதான் கெட்டது.

பெண்கள் கேட்கும் கேள்வி வேறு: "வேண்டாம்னா நூறு நாள் வேலையில பேரை எடுத்துடுவாங்களா?" மறுத்தாலும், பாதியில் விலகினாலும் ரேஷனோ ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியமோ எதுவும் நிற்காது என்பதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதுங்கள்; வாயாலும் சொல்லுங்கள். ஆய்வுக்கு வந்ததால் போன கூலியையும் பஸ் காசையும் கொடுப்பது நியாயம். அதற்குமேல் அள்ளிக் கொடுத்தால் ஆசை காட்டுவதாகிவிடும்.

அப்புறம், நடவு மும்முரத்தில் போகாதீர்கள். சாயங்காலம் தெருவில் உட்கார்ந்து விளக்கிவிட்டு, "வீட்டில் கலந்து பேசி நாளைக்குச் சொல்லுங்கள்" என்று திரும்பி வாருங்கள். மறுநாள் நாலு பேர் குறைந்தால் குறையட்டும். அந்த நாலு பேர் யார் யாரென்று நிலத்துக்காரர் கேட்பார். சொல்லிவிடாதீர்கள்.