கால் விநாடித் தாமதம்

வேறொரு பண்பாட்டில் வளர்ந்த ஒருவரோடு முதல்முறை பேசிவிட்டு வந்ததும், “நல்ல மனுஷன்தான், ஆனா கொஞ்சம் ஒட்டாத ஆள்” என்று தோன்றும். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் தப்பாக ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்.

பண்பாட்டு வேறுபாடு என்றதும் உடை, உணவு, விழா என்றுதான் யோசிக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரிகிறவை. அதனாலேயே பெரிய தொல்லை தருவதில்லை. “அவர்கள் வழக்கம் அது” என்று மனம் ஒதுங்கி இடம் கொடுத்துவிடும். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாத இடங்களில்தான் வம்பு.

பேச்சில் விழும் இடைவெளியைப் பாருங்கள். 2009-இல் மொழி ஆய்வாளர் தான்யா ஸ்டைவர்ஸும் அவரது குழுவினரும் ஜப்பானியம், டேனிஷ், இத்தாலியம், கொரியம், லாவோ உட்படப் பத்து மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வி முடிந்து எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தார்கள். பத்து மொழிகளுக்கும் சேர்த்துச் சராசரி சுமார் 200 மில்லிவிநாடி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

இது வியக்கவைக்கும் வேகம். ஒரு படத்தைக் காட்டி அதிலிருக்கும் பொருளின் பெயரைச் சொல்லச் சொன்னாலே, வாயைத் திறக்க 600 மில்லிவிநாடி போல ஆகும். ஆகவே, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அவர் வாக்கியம் எங்கே முடியும் என்பதையும் கூடவே கணித்துக்கொண்டிருக்கிறோம். உரையாடல் என்பது பாதி கேட்பது, பாதி ஊகிப்பது.

சரி, மொழிக்கு மொழி வித்தியாசம் எவ்வளவு? பத்தில் மிக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானியத்தில்: சராசரி 7 மில்லிவிநாடி. கேள்வி முடிகிற அதே கணம் என்றே சொல்லலாம். மிக மெதுவானது டேனிஷ், 469 மில்லிவிநாடி. ஜப்பானியர் மௌனத்தை விரும்புகிறவர்கள் என்ற பொதுப்படையான பேச்சை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அதைவிட முக்கியம், இந்த இரு முனைகளும் பொதுச் சராசரியிலிருந்து ஏறக்குறைய கால் விநாடிதான் விலகியிருக்கின்றன. கடிகாரக் கணக்கில் அற்பம்.

காதுக்கு அது அற்பமாக இல்லை என்பதுதான் விஷயம். தாமதத்துக்கு நாம் பொருள் கொடுத்து வைத்திருக்கிறோம். “நாளைக்கு வர்றீங்களா?” என்று கேட்டதும் ஒரு கணம் அமைதி விழுந்தால், பதில் வரும் முன்பே “வரமாட்டார்” என்று தெரிந்துவிடுகிறது. ஸ்டைவர்ஸ் குழு பார்த்த பத்து மொழிகளிலும், நேரடியான பதில்களைவிடத் “தெரியலையே” போன்ற நழுவல்கள் தாமதமாகவே வந்தன. அமெரிக்க ஆங்கிலம், இத்தாலியம், ஜப்பானியம் பேசுவோரிடம் 2011-இல் நடந்த வேறொரு ஆய்வும் இதையே சொல்கிறது: இடைவெளி நீள நீள, பதில் சொல்பவருக்கு மனமில்லை என்று கேட்பவர்கள் கருதினார்கள், மூன்று மொழிகளிலும்.

ஆக, தாமதம் என்றால் தயக்கம் என்பது பலருக்கும் பொதுவான பாடம். எவ்வளவு நேரம் போனால் அது தாமதம் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. எல்லோர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல். பூஜ்யக் கோடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. தன் ஊர்க் கணக்கில் சாதாரண வேகத்தில் பதில் சொல்பவர், அதைவிட வேகமான பதிலுக்குப் பழகிய ஒருவருக்குத் தயங்குகிறவராகத் தெரிகிறார். மெதுவானவரோ, அந்த வேகக்காரர் தன்னை முடிக்கவிடாமல் பேச்சில் புகுகிறார் என்று நினைக்கிறார். இருவருமே அவரவர் ஊர்க் கணக்குப்படி மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

நிற்கும் தூரத்திலும் இதே கதைதான். 42 நாடுகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், அறிமுகமில்லாதவரோடு பேசும்போது மிக நெருங்கி நிற்கத் தயாராக இருந்தவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். அதிக இடைவெளி கேட்டவர்கள் ருமேனியர்கள். ஒருவர் ஓரடி முன்னே வர, இன்னொருவர் ஓரடி பின்னே போக, இரண்டு பேரும் பேசிக்கொண்டே அறையைக் கடந்துவிடுவார்கள்.

அப்புறம் இரண்டாவது படி. கால் விநாடியும் ஓரடியும் எப்படி ஒருவரின் குணமாக மாறுகின்றன? ஒருவர் நடத்தைக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையை விட்டுவிட்டு அவருடைய இயல்பைப் பிடித்துக்கொள்கிறோம் என்பது உளவியலில் பழைய செய்தி. உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் இதை அடிப்படையான காரணப் பிழை என்றே அழைத்தார். மனித மூளையே அப்படித்தான் போல என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு உளவியலாளர் ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. சிகாகோவிலும் மைசூரிலும் இருந்த சிறுவர்களையும் பெரியவர்களையும், தங்களுக்குத் தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதுகளைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளக்கச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைகளின் பதில்கள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. வயது கூடக்கூட அமெரிக்கர்கள் “அவன் குணம் அப்படி” என்ற பக்கம் சாய்ந்தார்கள். மைசூர்க்காரர்கள் “அவன் நிலைமை அப்படி” என்ற பக்கம் போனார்கள். அதாவது காரணம் தேடும் பழக்கமே வளர்ந்த இடத்தில் கற்றுக்கொண்டது.

இதை வைத்து மைசூர்க்காரர்கள் எல்லோரும் பெருந்தன்மையானவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். இவை குழுச் சராசரிகள். ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைச் சராசரி மறைத்துவிடும். “டேனிஷ்காரர் என்றால் மெதுவாகத்தான் பேசுவார்” என்று மனதில் குறித்து வைத்துக்கொள்வதும் குணத்தைப் பிடித்துத் தொங்குகிற அதே பழக்கம்தான். ஆளுக்குப் பதில் நாடு வந்திருக்கிறது, அவ்வளவே.

சொல்லப்போனால், இந்தத் தவறுக்குப் பண்பாடே தேவையில்லை. தொலைவிலிருந்து இருவர் பேசும் இணைப்பில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. தாமதம் ஒரு விநாடியைச் சற்றுத் தாண்டியதும், எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர், அவ்வளவாக நட்பில்லாதவர் என்று பேசியவர்கள் மதிப்பிட்டார்கள். குற்றம் கம்பியில், பழி ஆள்மேல்.