வட ஆஸ்திரேலியக் கறிமாடுகளுக்குப் புரதத் தீவனம்: எது கூடும், எது கூடாது

குவீன்ஸ்லாந்திலும் வடக்கு மண்டலத்திலும் மழைக்காலம் முடிந்து புல் காய்ந்தால், அதன் கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவைக் கொண்டு கணக்கிடும் புரத அளவு) 6 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வயிறு முட்டப் புல் இருந்தும் மாடு மெலியும். நாரைச் செரிக்கும் இரைப்பை நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாததே காரணம். அதற்காகத்தான் அந்த மாதங்களில் புரதம் வைக்கிறார்கள். ஆனால் அந்தப் புரதம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில் ஆஸ்திரேலியச் சட்டம் மிகவும் கண்டிப்பானது.

விதி இதுதான்: முதுகெலும்புள்ள எந்த உயிரினத்திலிருந்து எடுத்த தூளையும் மாடு, ஆடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது. இறைச்சித் தூள், எலும்புத் தூள், இரத்தத் தூள், இறகுத் தூள், மீன் தூள் எல்லாமே இதில் அடங்கும். 1997-இல் சட்டமான இந்தத் தடை, படிப்படியாக விரிந்து 2002-இல் பறவை, மீன் உட்பட அனைத்தையும் உள்ளடக்கியது. 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பைத்தியமாட்டு நோய்தான் இதற்கு அடிப்படை. நோயுற்ற மாட்டின் உடற்பகுதிகள் கலந்த தூளைத் தின்ற மாடுகளுக்கு அது பரவியது. அதை உண்டாக்கும் பிரியான் புரதம், தூள் தயாரிக்கும்போது கொடுக்கும் வெப்பத்தில் முழுவதும் அழிவதில்லை.

மீன் தூளில்தான் பலர் தவறுகிறார்கள். புரதம் மிகுந்தது, அதில் ஒரு பகுதி முதல் இரைப்பையில் சிதையாமல் குடலுக்குப் போகும், மீனுக்கும் மாட்டு நோய்க்கும் தொடர்பில்லை என்று வாதம் வரும். ஆனால் ஒரே ஆலையில், ஒரே வண்டியில் பலவகைத் தூள்கள் கலந்துவிடக்கூடும் என்பதால் விதி இனம் பிரித்துப் பார்ப்பதில்லை.

பால் பொருள்கள், ஜெலட்டின், முறைப்படி உருக்கிச் சுத்திகரித்த கொழுப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் மாடு விற்கும்போது நிரப்பும் தேசிய விற்பனையாளர் உறுதிமொழியில், விலங்குக் கொழுப்பு சேர்ந்த தீவனம் எப்போதாவது கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது. கொடுத்திருந்தால் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். விலக்கு இருக்கிறதே என்று ‘இல்லை’ போடுவது பொய் உறுதிமொழி.

தொட்டியில் கொட்டினால் மட்டுமே குற்றம் என்று நினைக்க வேண்டாம். மாடு தானாகப் போய்த் தின்ன விட்டாலும் குற்றம். கோழிப்பண்ணைக் குப்பையில் சிந்திய கோழித்தீவனமும் இறகும் இருக்கும் என்பதால் அதைத் தீவனமாக்கக் கூடாது. எருவாகக் குவித்து வைத்திருந்தால் வேலி போட வேண்டும். நாய், பன்றி, கோழித் தீவனங்களைத் தனி அறையில் வையுங்கள். அவற்றைக் கலக்கிய இயந்திரத்திலேயே மாட்டுத் தீவனத்தையும் கலக்காதீர்கள்.

வாங்கும்போது மூட்டையின் சீட்டைப் படியுங்கள். ‘கட்டுப்படுத்தப்பட்ட விலங்குப் பொருள்’ (மேலே சொன்ன தடைசெய்த தூள்களுக்கான பெயர்) இருக்கிறதா இல்லையா என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். மொத்தமாக வரும் சரக்குக்கு அது விலைப்பட்டியலிலோ ஒப்படைப்புச் சீட்டிலோ இருக்கும். சீட்டு இல்லையென்றால் வாங்காதீர்கள். இருப்பதைத் தேதியோடு கோப்பில் வையுங்கள்.

தாவரப் புரதத்துக்கும் யூரியாவுக்கும் இந்தத் தடை கிடையாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் சுமார் 40 சதவீதமும் தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதத்தை ஒட்டியும் புரதம் உண்டு. மலிவான வழி யூரியா: அதில் 46 சதவீதம் நைட்ரஜன், 6.25-ஆல் பெருக்கினால் 287 சதவீதக் கச்சாப் புரதத்துக்குச் சமம். 100 கிலோ உப்பு நக்குக் கலவையில் 20 கிலோ யூரியா இருந்து, மாடு நாளுக்கு 200 கிராம் நக்கினால் 40 கிராம் யூரியா சேரும். அது சுமார் 115 கிராம் புரதத்துக்கு ஈடு. கந்தகமும் தேவை என்பதால் கொஞ்சம் அமோனியம் சல்பேட்டும் சேர்ப்பார்கள்.

யூரியா எடை கூட்டும் தீவனம் அல்ல. காய்ந்த புல் தாராளமாக இருந்தால் மாடு அதை அதிகம் தின்னும், மெலிவது குறையும், அவ்வளவே. புல்லே இல்லாத பட்டியில் பசித்த மாடு யூரியாவை அளவுக்கு மீறி நக்கிச் சாகும். மழைநீர் தொட்டியில் தேங்கினால் யூரியா கரைந்துவிடும்; அந்த நீரைக் குடித்த மாடு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே விழலாம். ஆகவே தொட்டிக்குக் கூரையும் அடியில் வடிதுளையும் வேண்டும். மொலாசஸில் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) 8 சதவீத யூரியா சேர்க்கும் கலவையில் கட்டிகள் அறவே இல்லாதபடி கரைத்த பிறகே மாட்டிடம் வையுங்கள். முதலில் உப்பு மட்டும் வைத்து நக்கும் ஆசையைத் தணித்து, யூரியாவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

தவறுதலாக மாடு விலக்கப்பட்ட தீவனத்தைத் தின்றுவிட்டால், அந்த மாடுகளை அடையாளம் வைத்துப் பிரியுங்கள், மூட்டைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், விற்பனைக்கு அனுப்பும் முன் மாநில வேளாண் துறைக்குத் தெரிவியுங்கள்.