சந்தைக்குப் போன மாடு

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொழுவத்தில் கறவை மாடு ஒன்று மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே போனது. தீவனத்தில் குறையில்லை, குடற்புழு மருந்தும் கொடுத்தாயிற்று. விடியற்காலையில் எழுப்பினால் மட்டும் வறட்டு இருமல்.

கழுத்தில் இரண்டு இடம் மழித்து, தோல் தடிப்பைக் காலிப்பரில் அளந்து, காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் டியூபர்குலின் ஊசியை, ஒன்றில் மாட்டு டியூபர்குலின், மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்கப் பறவை டியூபர்குலின் என்று, 0.1 மில்லி வீதம் போட்டேன். "72 மணி நேரம் கழிச்சு வர்றேன்ணே" என்றேன். மூன்றாம் நாள் பார்த்தால், மாட்டு டியூபர்குலின் போட்ட இடம் மட்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடந்தது. பறவை ஊசி வீக்கத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதல் என்றால் காசநோய்தான்.

அடுத்த வாரம் போனேன். கட்டுத்தறி காலி. "சந்தையில தள்ளிட்டேன் சார். வச்சிருந்தா எனக்கு யாரு காசு தருவா?"

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நோயுள்ள மாட்டை இழப்பீடு கொடுத்து அரசே எடுத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு. நம்மிடம் அப்படியொரு திட்டம் நாடு தழுவி இல்லை. ஆனால் அந்த மாடு இன்று வேறொருவர் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது. விற்றதால் நோய் தீரவில்லை, வீடு மாறியிருக்கிறது. வாங்குகிறவர்கள் ஊசி போட்டுப் பார்த்து, முடிவு தெரிந்த பிறகே மந்தையில் சேருங்கள்.

சாப்டூர் அடிவாரத்தில் எனக்கு இன்னொரு பயம். மேய்ச்சலுக்குப் போகும் மாடும் மானும் ஒரே நீர்நிலையில் வாய் வைக்கின்றன. மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் என்ற காசநோய்க் கிருமியைச் சென்னையில் கறவை மாட்டிலும் மானிலும் கண்டிருக்கிறார்கள். காட்டுக்குள் குடியேறிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. காசநோயைச் சுமக்கும் காட்டு விலங்குகளான பேட்ஜரோடு இங்கிலாந்தும், போசத்தோடு நியூசிலாந்தும் பல பத்தாண்டுகளாகப் போராடுகின்றன. மானைப் பிடித்துக் கழுத்தை மழிக்க முடியுமா? இருமுகிற மாட்டை மலைக்கு ஓட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

பச்சைப்பால் சத்து என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். கழுத்தில் நெறி கட்டினால் மருத்துவரிடம் மாடு வளர்ப்பதையும் சொல்லுங்கள். மாட்டிலிருந்து வரும் போவிஸ் என்ற காசநோய்க் கிருமிக்கு, வழக்கமாகக் காசநோய்க்குக் கொடுக்கும் பைரசினமைடு மாத்திரை கேட்காது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை அவசியம். மனிதரிடமிருந்தும் மாட்டுக்குத் தொற்றும்.

அந்த அண்ணனிடம் மீதி இரண்டு மாடு. ஒன்றுக்கு ஒன்றுமில்லை. மற்றதற்கு முடிவு தெளிவாக இல்லை. 42 நாள் கழித்து மறுபடி ஊசி போட வேண்டும். இருட்டும் ஈரமும் கிருமிக்குத் தோது என்றதும், தொழுவத்தின் கிழக்குத் தட்டியை வெயில் விழப் பிரித்துவிட்டார். அந்த மாட்டுக்குத் தனித் தொட்டி வைத்திருக்கிறார். விற்கவில்லை. இன்னும் 19 நாள் இருக்கிறது.