குடத்தடி மஞ்சளும் சுரங்கத்துத் தண்ணீரும்

மேலூரில் என் சித்தி வீட்டுப் போர் தண்ணீர், குழாயிலிருந்து விழும்போது பளிங்கு மாதிரி இருக்கும். சாயங்காலம் எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் மஞ்சள் பொடி படிந்திருக்கும். "கலக்கிடாதடா, மேலாப்புல மோந்துக்க" என்பார் சித்தி. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிப் படிந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். கைவிடப்பட்ட சுரங்கங்களின் நீரைச் சுத்தம் செய்ய அமைக்கும் செயற்கைச் சதுப்பு நிலத்தில் பாதி வேலை இந்தக் குடத்து வேலைதான்.

2024 நவம்பரில் மேலூரை ஒட்டிய அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மூன்று மாதமும் டீக்கடைப் பேச்சு முழுக்கச் சுரங்கம் தோண்டினால் என்ன ஆகும் என்பதுதான். தோண்டி முடித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. உண்மையில் தொல்லை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

உலோகத் தாதுவோடு பல இடங்களில் பைரைட் என்ற கல்லும் சேர்ந்து கிடக்கும். இரும்பும் கந்தகமும் கலந்தது; பார்க்கத் தங்கம்போல மின்னும். பூமிக்குள் இருக்கும்வரை சாது. உடைத்து வெளியே குவித்தால் மழையும் காற்றும் பட்டு கந்தக அமிலத்தைக் கசியவிடும், கூடவே இரும்பும் கரைந்து வரும். அமிலம் கூடக்கூட அதில் வாழும் ஒருவகை பாக்டீரியா பெருகி, இந்த வினையைப் பத்து லட்சம் மடங்குவரை வேகப்படுத்திவிடும். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடும். பி.எச். 3-க்கு வந்த நீர், பி.எச். 7 உள்ள நல்ல தண்ணீரைவிடப் பத்தாயிரம் மடங்கு அமிலமானது. அந்த அமிலம் வழியில் இருக்கும் பாறையிலிருந்து துத்தநாகம், செம்பு, காட்மியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்குகிறது. பைரைட் தீரும்வரை இது நிற்காது. நூறு வருஷம் என்பதெல்லாம் இதற்குச் சின்னக் கணக்கு.

இதற்கு முதல் மருந்து செடியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வாய்க்கால். மேட்டிலிருந்து வரும் நல்ல தண்ணீர் கழிவுக் குவியலைத் தொடாமல், சுற்றி வெட்டிய கால்வாயில் போய்க் கீழே ஓடையில் சேர வேண்டும். மேற்கே போன பெரியாற்றை மலையைக் குடைந்து 1895-இல் வைகைப் பக்கம் திருப்பியதில் விளைந்த சோற்றைத்தான் மேலூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள். தண்ணீரைத் திருப்புவது பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கழிவை நனைக்கும் தண்ணீர் குறைந்தால் அமிலமும் குறையும், சுத்தம் செய்ய வேண்டிய நீரின் அளவும் குறையும். இதைச் செய்யாமல் நேராகச் சதுப்பு நிலம் வெட்டுவது, ஓட்டை அடைக்காமல் வீட்டுக்குள் வாளி வைக்கிற கதை.

மிச்சம் கசிவதுதான் சதுப்பு நிலத்துக்கு வரும். அது ரொம்பப் புளித்த நீராக இல்லாவிட்டால், முழங்கால் அளவுகூட ஆழமில்லாத பாத்தி போதும். தண்ணீர் பரந்து, மெதுவாக நகர்ந்து, காற்றைக் குடித்து, இரும்பைத் துருவாக இறக்கிவிட்டுப் போகும். ஒரு கணக்குப் பார்க்கலாம். நொடிக்கு 1 லிட்டர் கசிவு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால், ஒரு நாளைக்குச் சுமார் 4.3 கிலோ இரும்பு. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் இரும்பு படியும் என்பது வடிவமைப்பாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு. ஆக 430 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினோரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வருஷத்துக்கு 3 டன் துரு சேரும், அதுவும் காய்ந்த எடையில். அள்ளித்தான் ஆக வேண்டும். பென்சில்வேனியாவில் அதை உலர்த்தி நிறமியாக விற்றிருக்கிறார்கள். நம் கோயில் மதில் பட்டைகளில் இருக்கும் காவிக்குச் சொந்தக்காரச் சரக்குதான் அது.

சம்பும் நாணலும் உலோகத்தை உறிஞ்சிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உறிஞ்சுவது சொற்பம். அவை தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. உள்ளே காற்றறைகள் கொண்ட தண்டு வழியாக வேருக்கு ஆக்சிஜனை இறக்குகின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஆரஞ்சுத் துரு பூசியிருக்கும். அப்புறம், மட்கி விழுந்து பாக்டீரியாவுக்குத் தீனியாகின்றன.

அமிலம் கடுமையாக இருந்தால் அந்தத் தீனிதான் முக்கியம். அங்கே கீழே சுண்ணாம்புக்கல், மேலே சாணம், வைக்கோல் மாதிரி மட்கும் பொருள் எனப் போட்டுக் காற்றுப் படாத படுகை அமைப்பார்கள். (விருதுநகர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை.) கண்மாய்ச் சேற்றில் கால் புதைந்து எடுத்தவர்களுக்கு அந்தக் கன்னங்கரிய நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் தெரியும். அது நீரிலுள்ள சல்பேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாவின் வேலை. அது வெளியிடும் கந்தக வாயு, கரைந்திருக்கும் உலோகத்தைப் பிடித்துக் கரையாத கறுப்புப் பொடியாக்குகிறது. சுரங்கத்தில் பிரிந்துபோன உலோகமும் கந்தகமும் சேற்றுக்குள் திரும்பச் சேர்ந்துகொள்கின்றன. கூடவே நீரின் புளிப்பும் இறங்குகிறது.

சுண்ணாம்புக்கல்லை வெறுமனே திறந்த ஓடையில் கொட்டினால் மட்டும் பலன் நிலைக்காது. இரும்புத் துரு அதன்மேல் தோடுபோல் படிந்து, உள்ளே இருக்கும் கல்லைச் சும்மா உட்கார வைத்துவிடும். அதனால்தான் அதைக் காற்றுப் படாமல் புதைக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இது எடுபடவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கம் மூடிய பின், உள்ளே தேங்கிய நீர் 1992-இல் உடைத்துக்கொண்டு வந்து ஆற்றை ஆரஞ்சாக்கியது. அங்கே நாணல் படுகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வரும் தண்ணீர் அதிகம், கடைசியில் சுண்ணாம்பு கலக்கும் ஆலைதான் கட்ட வேண்டியிருந்தது. நம் ஊரில் வெயில் இன்னொரு சிக்கல். சித்திரையில் படுகை காய்ந்து வெடித்தால், சேற்றில் பிடித்துவைத்த கந்தக உலோகம் காற்றுப் பட்டு மறுபடி அமிலமாகும்; ஐப்பசி முதல் மழையில் மொத்தமாக இறங்கிவிடும். கோடையிலும் சேறு நனைந்தே இருக்க வேண்டும், சுற்றுக் கால்வாயோ ஐப்பசி வெள்ளத்தைத் தாங்க வேண்டும்.

சரி, மேலூரைச் சுற்றியிருக்கும் கைவிட்ட கிரானைட் பள்ளங்களுக்கு இது வேண்டுமா? வேண்டாம். கிரானைட்டில் பைரைட் மிகக் குறைவு. பள்ளத்தில் பச்சையாக நிற்பது பெரும்பாலும் மழைத் தண்ணீர்தான். அங்கே பிரச்சினை கழிவுக் கல் குவியல்கள் மறித்து நிற்கும் வரத்துக்கால்கள். கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் குவாரிக்குள் இறங்கி நின்றுவிடுகிறது. அதைத் திருப்பச் சம்பும் சாணமும் எதற்கு? பழைய புலப்படமும் ஒரு ஜேசிபியும் போதும்.