காப்பி: ‘இது மாதிரி’யும் ‘இதே மாதிரி’யும்

நகைப் பட்டறையில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘காப்பி’. கைப்பேசியில் ஒரு மோதிரத்தின் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னால் காப்பி. இன்னொரு கடை மோதிரத்திலிருந்து ரப்பர் அச்சு எடுத்து வார்த்தால் காப்பி. ஒருவர் கணினியில் வரைந்த வடிவக் கோப்பை (CAD) வேறொரு பட்டறைக்குத் தள்ளிவிட்டாலும் காப்பி. தேய்ந்துபோன பாட்டி மோதிரத்தை அதே அளவில் புதிதாகச் செய்து தந்தால் அதுவும் காப்பிதான். இந்த நான்கையும் ஒரே சொல்லில் போட்டு மூடுவதால்தான் எது முறை, எது முறையில்லை என்ற பேச்சு ஒவ்வொரு தடவையும் குழம்புகிறது.

சொல்லின் ஊற்று இலத்தீன். அங்கே ‘கோப்பியா’ என்றால் வளம், ஏராளம். ஒரு சுவடியைப் பார்த்து எழுதிக்கொள்ள வாய்ப்பளிப்பதையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். பிறகு எழுதிக்கொண்ட சுவடிக்கே அது பெயரானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. (குடிக்கும் காப்பியும் இலக்கியக் காப்பியமும் வேறு வேறு வேர்கள். ஒலி மட்டுமே ஒன்று.) கொடுப்பவர் மனம் ஒப்பிக் கொடுப்பது என்ற பழைய பொருள் வழியில் உதிர்ந்துவிட்டது. நகைத்தொழிலில் திரும்பக் கொண்டுவர வேண்டியது அதைத்தான்.

தமிழர் இந்த இரவல் சொல்லை இரண்டு வினைகளோடு சேர்த்தார்கள். ‘காப்பி எடுத்தேன்’ என்றால் குற்றமில்லை, ஜெராக்ஸ் கடை வேலை. ‘காப்பி அடித்தான்’ என்றால் பரீட்சை அறை நினைவுக்கு வருகிறது. பெயர்ச்சொல் ஒன்றுதான், நல்லது கெட்டது வினையில் இருக்கிறது.

‘நகல்’ நல்ல தமிழ் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அரபியில் ‘இடம் மாற்றுதல்’ என்ற பொருளுள்ள சொல். அதன் இணையான ‘அசல்’ அரபியில் ‘வேர்’. இரண்டும் உருது வழியாக ஆவண மொழிக்குள் வந்தவை. பத்திரத்துக்குப் பொருந்தும், மோதிரத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தமிழிலேயே ‘படி’ இருக்கிறது. படிதல் என்றால் ஒன்றின் உருவம் இன்னொன்றில் பதிவது. படிமம், படிவம் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அச்சில் மெழுகை ஊற்றி உருவம் பிடிக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

‘போலி’ என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது தவறு. போலி நகை என்றால் உலோகத்தில் ஏமாற்று. இன்னொருவர் வடிவத்தைத் திருடிச் செய்த மோதிரம் அசல் 22 காரட் தங்கமாகவே இருக்கலாம், 22 காரட்டுக்கான 916 முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்யூஐடி குறியீடும் ஒழுங்காக இருக்கலாம். ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே சாட்சி, வடிவம் யாருடையது என்பதை அது சொல்லாது. ‘ஹால்மார்க் இருக்கே, அப்புறம் என்ன’ என்ற பதில் கேட்ட கேள்விக்குப் பதிலே அல்ல.

கேட்க வேண்டிய கேள்வியை வாடிக்கையாளரே வாயில் வைத்திருக்கிறார். ஒருவர் படத்தைக் காட்டி, ‘அண்ணே, இது மாதிரி ஒண்ணு செய்யணும்’ என்பார். இன்னொருவர், ‘இதே மாதிரி வேணும்ணே, ஒரு இழை மாறக் கூடாது’ என்பார். நடுவில் நிற்கும் அந்த ஏகாரத்தில்தான் முழு வழக்கும் இருக்கிறது. முதலாமவர் கேட்பது ஒரு திசை. இரண்டாமவர் கேட்பது இன்னொருவர் உட்கார்ந்து யோசித்து முடித்த வேலை.

‘இதே மாதிரி’ என்பதும் எல்லா வடிவத்துக்கும் குற்றமாகாது. நெளி மோதிரம், V வடிவ வங்கி மோதிரம், நவரத்தின மோதிரம் எல்லாம் யாருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச் சொத்து. பிராங் எனும் ஆறு சிறு கால்களில் ஒற்றை வைரத்தைத் தூக்கிப் பிடிக்கும் மோதிரத்தை 1886இல் அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி கொண்டுவந்தது. இன்று அந்த அமைப்பை உலகமே செய்கிறது. காஸ்ட்கோ என்ற அமெரிக்கப் பல்பொருள் கடைகள்மேல் டிஃபனி தொடுத்த வழக்கில்கூடச் சண்டை ‘டிஃபனி’ என்ற பெயரைப் பற்றியது, ஆறு கால்களைப் பற்றியதல்ல. அமெரிக்காவில் 1971இல் முடிந்த இன்னொரு வழக்கு, கல் பதித்த தங்கத் தேனீ ஊசி பற்றியது. தேனீயைக் கல் பதித்துச் செய்தால் ஏறக்குறைய அப்படித்தான் வரும், அந்தக் கருத்தை ஒருவர் பூட்டி வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. கருத்து எல்லோருக்கும் பொது. அதற்கு ஒருவர் கொடுத்த குறிப்பிட்ட உருவம் அவருடையது.

எல்லாவற்றிலும் மோசமானது ரிப்பேருக்கு வந்த மோதிரத்தில் அச்சு எடுப்பது. அளவு கூட்டவோ பாலிஷுக்கோ நம்பிக் கொடுத்த பொருள் அது. அதை ரப்பருக்குள் வைத்து 150 டிகிரிக்கு மேல் சூட்டில் அழுத்தினால் முத்தும் ஓபலும் எண்ணெய் ஏற்றிய மரகதமும் கெட்டுவிடும். கல் தப்பினாலும் படி சரியாக வராது. அந்த ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி, மெழுகு உருவை வைத்துத்தான் தங்கத்தை வார்ப்பார்கள். ரப்பர் சுருங்கும், மெழுகு சுருங்கும், வார்த்த தங்கமும் சுருங்கும். ரப்பரைப் பொறுத்து மூன்றும் சேர்ந்து 4 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 17 மில்லிமீட்டர் இருந்த மோதிரம் 16.3 ஆகிவிடும். அதாவது மோதிர அளவில் ஏறக்குறைய இரண்டு எண் குறைவு. மூன்று திசையிலும் சுருங்குவதால் 6 கிராம் மோதிரம் 5.3 கிராமாக வரும். 2 மில்லிமீட்டர் கல்லுக்கு வெட்டிய குழி 1.92 ஆகிவிடும், கல் உட்காராது. கல் பதிப்பவர் பர் என்ற சிறு குடையும் கருவியைப் போட்டுக் குழியை அகலப்படுத்துவார், பிராங் மெலியும். அரமும் பாலிஷும் இன்னும் கொஞ்சம் தின்னும். ஓரத்தில் பொடி மணிகளாக ஓடும் மணிக்கரை மழுங்கும். சில மாதங்களில் கல் ஆடத் தொடங்கும். இவ்வளவும் நடந்தபின் ‘அந்தக் கடை டிசைனே சரியில்லை’ என்று ஊர் பேசும். களவோடு அவதூறும் சேருகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் இதற்கென உள்ளது 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் வடிவம் ஏற்கெனவே வெளியானதாக இருக்கக் கூடாது. முதலில் சமூக ஊடகத்தில் படம் போட்டுவிட்டு, பாராட்டு குவிந்தபின் பதிவுக்கு ஓடுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். பதிவான வடிவத்தைக் களவாடினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 வரை தர வேண்டிவரும். அல்லது உரிமையாளர் இழப்பீட்டு வழக்கும் தடையுத்தரவும் கேட்கலாம். பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்குமேல் அதை உருவாக்கிவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும்.

‘மூணு இடத்துல மாத்திட்டா காப்பி இல்லை’ என்பது பட்டறைகளில் உலவும் பொய்க் கணக்கு. எந்தச் சட்டத்திலும் அந்த மூன்று இல்லை. முழு உருவத்தையும் கண்ணால் பார்க்கும்போது அப்பட்டமான போன்மை தெரிகிறதா என்பதே அளவுகோல். மஞ்சள் தங்கத்தை ரோஸ் தங்கமாக்கி, வட்டக் கல்லுக்குப் பதில் நீள்வட்டம் வைத்து, உள்ளே பெயர் பொறித்தாலும் மோதிரம் அதே மோதிரம்தான். விரலைச் சுற்றும் கம்பியின் குறுக்குவெட்டு, கல் மேடையின் உயரம், கம்பி கல்லை நோக்கி எழும் இடமான தோளின் விதம் ஆகியவை மாறினால்தான் வேறு வடிவம். அந்த மாற்றத்துக்குப் புதிதாக வரைய வேண்டும், மெழுகில் பார்க்க வேண்டும், விரலில் போட்டுப் பார்க்க வேண்டும். செய்கூலிக்கு மேல் வடிவக் கூலி கேட்பது நியாயம் என்பது இதனால்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக வடிவம் செய்தால், வடிவமைப்புச் சட்டப்படி உரிமையாளர் அதைச் செய்வித்தவரே. தன் கல்யாணத்துக்கென்று கூலி கொடுத்து வரையச் சொன்ன பெண்ணின் மோதிரத்தை, அவளைக் கேட்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்றால், செய்த பத்தரே படியெடுத்தவர் ஆகிறார். வேறு கடைக்காரர்மேல் புகார் சொல்லும் முன் நம் அலமாரியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி, சரியான தமிழ். ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். உரியவர் ஒப்புதலோடு அதே உருவை எடுப்பது படியெடுத்தல். பாட்டி மோதிரம் இதில் சேரும். பார்த்த ஒன்றைத் தொடக்கமாக வைத்துத் தன் கை மாற்றத்தோடு செய்வதை வழிவடிவம் எனலாம். முன்னோர் நூலை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வதை வழிநூல் என்று நன்னூல் வகுத்திருக்கிறது, சொல்லுக்கு அடித்தளம் அங்கே உண்டு. கேளாமல் எடுத்துத் தனதென்பது வடிவக் களவு. பிறர் பாட்டைத் தன் பாட்டாகச் சொன்னவனைக் கள்ளக்கவி என்ற மொழிக்கு இந்தச் சொல் புதிதல்ல.

ஆர்டர் சீட்டில் ‘காப்பி’ என்று எழுதுவதை விட்டு இந்த மூன்றில் ஒன்றை எழுதலாம். முதலாவது என்றால் மோதிரம் யாருடையது, யார் ஒப்பினார் என்று ஒரு வரி. இரண்டாவது என்றால் வாடிக்கையாளர் காட்டிய படத்தையும் நாம் வரைந்ததையும் அருகருகே ஒட்டி இருவரும் கையெழுத்து, கீழே வடிவ உரிமை யாருக்கு என்று ஒரு வரி. மூன்றாவது என்றால் சீட்டே போட வேண்டாம், படத்தைத் திருப்பிக் கொடுத்து, அதைச் செய்த கடையின் பெயரைச் சொல்லி அங்கே அனுப்பிவிடலாம்.