சாய்ந்து நின்று சுட்ட டெக்சஸ்

1944 ஜூன் மாத நடுவில், பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு எதிரே நின்றிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் டெக்சஸ், தன் வலப்பக்க அறைகளுக்குள் வேண்டுமென்றே கடல்நீரை விட்டுக்கொண்டது. ஜெர்மன் படையோடு நடந்த சண்டை கரையை விட்டு உள்நாட்டுக்குள் நகர்ந்திருந்தது, தரைப்படை சுடச் சொன்ன இடங்கள் பீரங்கிக்கு எட்டவில்லை. டெக்சஸின் 14 அங்குலப் பீரங்கிகளை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்த முடியாது. பீரங்கி நிமிராவிட்டால் கப்பலையே சாய்த்துவிடுவோம் என்று முடிவுசெய்தார்கள். வலப்பக்கம் தாழ்ந்தது, கரையைப் பார்த்திருந்த இடப்பக்கம் 2 டிகிரி உயர்ந்தது, அதோடு சேர்ந்து பீரங்கிகளும் உயர்ந்தன.

வெறும் 2 டிகிரியில் என்ன கிடைத்துவிடும் என்று தோன்றலாம். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், குண்டு போய் விழும் தூரம் பீரங்கிக் கோணத்தின் இருமடங்குக்குரிய சைன் மதிப்பைப் பொறுத்தது. 15 டிகிரி என்றால் சைன் 30, அதாவது 0.5. 17 டிகிரி என்றால் சைன் 34, சுமார் 0.56. பள்ளிக்கூடத்துக் கணக்குதான், ஆனால் தூரம் 12 சதவீதம் கூடுகிறது. நிஜத்தில் காற்று இதில் கொஞ்சம் தின்றுவிடும். இருந்தாலும் சுமார் 20 கிலோமீட்டர் சுடும் பீரங்கிக்கு இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் எத்தனையோ இலக்குகள் கைக்குள் வந்துவிடும்.

சரி, கப்பலுக்குள் நீரை விட்டால் மூழ்கிவிடாதா? நீர் போனது கப்பலின் உள்ளுடம்புக்குள் இல்லை, பக்கவாட்டில் ஒட்டவைத்த புடைப்புக்குள். 1914இல் கடற்படையில் சேர்ந்தபோது டெக்சஸுக்கு இந்தப் புடைப்பு கிடையாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையோடு வடகடலில் சுற்றிய காலத்தில், நீருக்கடியில் வரும் டார்பிடோதான் பெரிய கப்பல்களின் எமன் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 1925-26இல் நடந்த பெரிய மராமத்தில் நிலக்கரிக் கொதிகலன்களை எடுத்துவிட்டு எண்ணெயில் ஓடுபவற்றை வைத்தார்கள், அப்போதே இரண்டு பக்கமும் புடைப்பைக் கட்டினார்கள். 95 அடி அகலமாக இருந்த கப்பல் 106 அடி ஆனது. டார்பிடோ வந்து மோதினால் வெளித்தகட்டிலேயே வெடிக்கும். வெடிப்பில் பிறக்கும் வாயு உள்ளேயுள்ள வெற்றிடத்தில் விரிந்து வேகம் குறையும், அசல் உடலை எட்டும்போது அடி தணிந்திருக்கும். அடிவாங்குவதற்கென்றே கட்டிய அந்த வெற்றிடம் நார்மண்டியில் பீரங்கியைத் தூக்கிக் கொடுத்தது. கையிலிருக்கும் பொருளை அதன் வேலைக்கு வெளியே யோசித்துப் பார்த்த அந்த மாலுமிகள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

அதே மாதம் 25ஆம் தேதி செர்பூர் துறைமுகத்துக்கு எதிரே நடந்த சண்டையில் ஒரு ஜெர்மன் குண்டு கப்பலை இயக்கும் மேல்தளத்தைத் தாக்கி, சுக்கான் பிடித்திருந்தவர் இறந்தார். இரண்டு உலகப்போர்களிலும் எதிரியின் தாக்குதலில் இந்தக் கப்பல் இழந்தது அவர் ஒருவரைத்தான். 240 மில்லிமீட்டர் குண்டு இன்னொன்று கப்பலைத் துளைத்து உள்ளே வந்து, வெடிக்காமல் ஓர் அதிகாரியின் அறையில் கிடந்தது. அப்புறம் தெற்கு பிரான்ஸ், ஜப்பானின் இவோ ஜிமா, ஒகினாவா தீவுகள் என்று சண்டைகள் தொடர்ந்தன. 1948 ஏப்ரல் 21 அன்று ஹூஸ்டன் அருகே சான் ஜசின்டோவில் அருங்காட்சியகமாக நின்றது.

குண்டுகளால் முடியாததைத் துரு செய்யத் தொடங்கியது அங்கேதான். இரும்பு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க, நீரில் கரைந்த ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ள, உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்த, தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நீர்மட்டத்தை ஒட்டிய பகுதி நனைந்தும் காய்ந்தும் இன்னும் சீக்கிரம் அரிக்கும். ஓடும் கப்பலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறையில் (நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) ஏற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். டெக்சஸ் 1948இல் நின்ற இடத்திலேயே 40 ஆண்டு நின்றது, 1988இல்தான் உலர்துறைக்குப் போனது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே. அதிகமாக அடிபட்டது பக்கவாட்டுப் புடைப்புதான்: மெல்லிய தகடு, வெளியே கடல், உள்ளே ஆள் நுழையச் சிரமப்படும் ஈரமான அறைகள். ஓட்டை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் அந்த அறைகளுக்குள் நுரையை நிரப்பி நீரைத் தடுத்தார்கள்.

2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைப் படகுகள் டெக்சஸை மெல்ல இழுத்துக்கொண்டு கால்வெஸ்டன் உலர்துறைக்குக் கொண்டுபோயின. 108 ஆண்டான உடல் வழியில் தாங்குமா என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது, தாங்கியது. அங்கே இற்றுப்போன தகடுகளை வெட்டியெடுத்து, நூற்றுக்கணக்கான டன் புது எஃகை வெல்டிங் செய்து, புடைப்பைத் திரும்பக் கட்டினார்கள். 2024 மார்ச்சில் டெக்சஸ் மறுபடி தண்ணீரில் மிதந்தது.