மிச்சக் காசும் தர்மக் காசும்: கல்லாவில் தலையாட்டும் முன்

சம்பளம் விழுந்த வாரத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எங்கும் சுப்பர் மார்க்கட் கல்லாவில் வரிசை நீண்டு நிற்கும். திரையில் 1,437 ரூபா 60 சதம் என்று விழும்போதே கெஷியர் பிள்ளை கேட்கும்: "1,450 ஆக்கிடவா அக்கா? மிச்சம் ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் போகும்." பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், இடுப்பில் குழந்தை சிணுங்குகிறது. தலை தானாக ஆடிவிடும். 12 ரூபா 40 சதம் போயாயிற்று.

தர்மம் கொடுப்பது தவறென்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் கொடுப்பதும் பிடிபடுவதும் வேறு வேறு. மலையகத்துக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. தோட்டத்துச் சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, கோயில் காசு, அட்வான்ஸ் என்று கைக்கு வருமுன்பே கழிபடும் காசைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல்லாவில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சம்பளத் துண்டில் ஒவ்வொரு பிடித்தமும் தனி வரியாக இருக்கும். கோயில் காசு கொடுத்தால் கோயில் கண்முன்னே நிற்கும், திருவிழாக் கணக்கும் வாசிப்பார்கள். கல்லாவில் கொடுத்த காசுக்கு அந்த வரியையும் அந்தக் கணக்கையும் நாமே தேட வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. "ரவுண்ட் பண்ணவா?" என்ற கேள்வியில் எது வரைக்கும் என்பது இருக்காது. அதே 1,437.60 ஐ 1,440 ஆக்கினால் 2 ரூபா 40 சதம், 1,450 ஆக்கினால் 12.40, 1,500 ஆக்கினால் 62.40. பத்துக்கு ரவுண்ட் பண்ணினால் சராசரியாக ஒரு பில்லுக்கு 5 ரூபா போகும், நூறுக்குப் பண்ணினால் 50 ரூபா. மாதம் நாலு பில் என்றால் 200, வருடத்துக்கு 2,400. 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது ரெண்டு பேருக்கு, அதாவது ரெண்டு நாள் சம்பளத்துக்கு, 300 ரூபாதான் குறைவு. ரெண்டு நாள் கொழுந்தெடுத்த காசைக் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பதென்றால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். கல்லாவில் அது நாலு செக்கனில் முடிந்துவிடுகிறது.

நாலு செக்கன் என்பது தற்செயல் இல்லை. காசு கொடுக்கும் நேரத்தில் பர்ஸ் ஏற்கெனவே திறந்திருக்கிறது, 1,400 ரூபா கொடுப்பவருக்கு 12 ரூபா தெரிவதில்லை, "இல்லை" என்றால் பின்னால் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. அமெரிக்காவில் ஒரு சுப்பர் மார்க்கட் வாசலில் மணியடித்துத் தர்மம் சேர்ப்பவர்களை வைத்துப் பொருளியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்து 2017 இல் வெளியிட்டார்கள். மணியை மட்டும் அடித்தபோது கிடைத்ததை விட, வாய் திறந்து "கொடுங்கள்" என்று கேட்டபோது தாக்கம் அதிகம். காசு வெகுவாகக் கூடியது. அதே நேரம் அந்த வாசலைத் தவிர்த்து மறு வாசலால் போனவர்களும் வெகுவாகக் கூடினார்கள். அதாவது கேட்டதும் கொடுக்கிறவர் எல்லோரும் விரும்பிக் கொடுக்கவில்லை. வாசலிலாவது வேறு வழி உண்டு, கல்லாவுக்கு மறு வாசல் இல்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் மொழி. கேள்வி சிங்களத்தில் வரும், வேகமாக வரும். தோட்டத்திலிருந்து இறங்கிய வயதானவர் பாதி விளங்கி "ஹரி ஹரி" என்று சொல்லிவிடுவார். காதில் விழ வேண்டிய சொற்கள் இரண்டு: "ஆதார", "பரித்தியாக". சிங்கள "ஆதார" என்பது உதவி, நிதியுதவி. நம் ஆதாரம் இல்லை. கையில் ஆதாரம் கேட்கிறார்களோ என்று அடையாள அட்டையை எடுத்து நீட்டுபவர்களும் உண்டு. பதில் எளிது: "அத எப்பா நங்கி, பில் எக்க விதரய்." பையன் என்றால் நங்கிக்குப் பதில் மல்லி. தமிழ்ப் பிள்ளை என்றால் "இன்னைக்கு வேணாம் தங்கச்சி, பில்ல மட்டும் போடுங்க" போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் சொல்லத் தொடங்கினால்தான் பேச்சு நீளும், கூச்சமும் கூடும். கல்லாவில் இருக்கும் பிள்ளையை ஏசவும் வேண்டாம். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவாக இருக்கும். அந்தப் பிள்ளையும் பெரும்பாலும் ஏதோ ஒரு லயத்திலிருந்து பஸ் பிடித்து வருவதுதான்.

சொல்ல வேண்டிய நேரம் முக்கியம். கெஷியர் மொத்தத்தைச் சொன்னதும், காசையோ கார்டையோ நீட்டும் முன், வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும் திரையைப் பாருங்கள். காசு வாங்கியதாக மெஷினில் அடிக்கும் வரை அந்த வரியை அழிப்பது சின்ன வேலை. அடித்து பில் வெளியே வந்த பிறகு, திரும்ப எடுப்பதற்குச் சுப்பர்வைசரின் சாவியோ இரகசிய இலக்கமோ வேண்டும், கையெழுத்து வேண்டும், வரிசை நிற்கும். 12 ரூபாவுக்கு அந்தச் சிரமத்தை யாரும் படமாட்டார்கள். பொயின்ட் கார்டுக்குப் போன் நம்பர் கொடுப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: சில இடங்களில் பொயின்டையே தர்மமாகக் கழிக்கும் வசதி உண்டு. காசு குறையாததால் அது கண்ணில் படாது.

பில்லை வாசிப்பது எப்படி? தர்மக் காசு பொருட்களோடு பொருளாக நடுவில் கிடக்கக் கூடாது. தனி வரியாக, "டொனேஷன்" என்றோ அந்தத் திட்டத்தின் பெயரோடோ இருக்க வேண்டும். இது வெறும் அழகுக்காகச் சொல்வதில்லை. கடையின் மெஷினில் தர்மத்தை ஒரு சாதாரணப் பொருளைப் போலக் குறியீடு போட்டு, வற் வரி உள்ள வகையில் சேர்த்துவிட்டால், 2024 ஜனவரியிலிருந்து நடப்பிலுள்ள 18 சதவீதம் அதற்குள்ளும் புகுந்துவிடும். நீங்கள் 100 ரூபா கொடுத்தால் அதில் 15 ரூபா 25 சதம் வரியாகப் பிரிந்து, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது 84.75 தான். தர்மம் எந்தப் பொருளின் விலையும் அல்ல, வற் கணக்குக்குள் வர வேண்டியதே இல்லை. திட்டமிட்டு யாரும் செய்வதாகச் சொல்ல முடியாது. புதிய குறியீடு போடுபவர் பழையதைக் கொப்பி பண்ணினால் இப்படி நடக்கும். கணக்காய்வில் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்த கோளாறு இன்னும் சாதாரணம். கல்லாவில் சில்லறை இல்லாத நேரத்தில், வாடிக்கையாளரைக் கேட்காமலே 3 ரூபா, 7 ரூபா மிச்சத்தை டொனேஷன் பட்டனில் தள்ளிவிடுவது. முன்பு மிச்சக் காசுக்கு டொபி கொடுத்தார்கள், இப்போது புண்ணியம் கொடுக்கிறார்கள். டொபியையாவது பிள்ளை தின்னும். மிச்சம் சரியாக வராத பில்லில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

"கம்பனிக்காரன் நம்ம காசைக் காட்டி வரி தப்புறான்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் அது சரியில்லை. முறையாகக் கணக்கு வைக்கும் கடையில் நீங்கள் கொடுத்த தர்மம் கடையின் வருமானமும் இல்லை, செலவும் இல்லை. வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிய காசு, அவ்வளவுதான். அதைத் தன் நன்கொடையாகக் காட்ட வேண்டுமானால் முதலில் தன் வருமானமாகவும் காட்ட வேண்டும். ஒரு கையில் ஏற்றி மறு கையில் இறக்குவதில் இலாபம் எதுவும் இல்லை. மேலும் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு கம்பனி கழிக்கக்கூடியது வரிக்குரிய வருமானத்தில் ஐந்தில் ஒன்று அல்லது 500,000 ரூபா, இரண்டில் எது குறைவோ அது. பெரிய கடைத் தொடருக்கு அது பெரிய தொகை இல்லை. தனி ஆளுக்கு மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபா, இதிலும் குறைந்ததே கணக்கு. ஆனால் பெயர் இல்லாத கல்லா பில்லைக் காட்டி அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விடுப்பு இருப்பதால், அந்த வரிசையில் நிற்கும் பெரும்பாலானோருக்கு வருமான வரிக் கேள்வியே இல்லை.

கடைக்கு உண்மையில் கிடைப்பது வேறு. ஒன்று, பெயர். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தில் கம்பனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும், காசு வரிசையில் நின்றவர்களுடையது. இரண்டாவது, காசு ஒப்படைக்கப்படும் வரை கடையின் வங்கிக் கணக்கில் கிடக்கும் காலம். மூன்று மாதம் கிடந்தால் அந்த வட்டி யாருக்கு? ஆகவே மனேஜரிடம் கேட்பதற்குப் பொருத்தமான கேள்வி, "நாங்க ஒரு ரூபா போட்டா கம்பனி எவ்வளவு போடுது?" என்பதுதான். ரூபாவுக்கு ரூபா போடுகிற திட்டமென்றால் பெருமையாகச் சொல்வார்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் முழுக்கவும் வாடிக்கையாளர் காசு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மெஷின் இல்லாத கடைகளின் உண்டியல் வேறு கதை. பேக்கரி, பாமசி எங்கும் ஒரு பிளாஸ்டிக் போத்தல், அதில் நோயாளிப் பிள்ளையின் படம், ஆஸ்பத்திரிக் கடிதத்தின் மங்கிய போட்டோ கொப்பி. கடிதத்தில் திகதியைப் பாருங்கள். இரண்டு வருடப் பழைய சத்திரசிகிச்சைத் திகதிக்கு இன்னும் காசு சேர்ந்துகொண்டிருக்கும். சில வேளை அந்தப் பிள்ளை சுகமாகிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், போத்தலை எடுக்க ஆளில்லாமல் கிடக்கும். நிறுவனத்தின் பெயரில் உள்ள உண்டியல் என்றால் பெயர், பதிவு இலக்கம், பூட்டு அல்லது முத்திரை, உண்டியல் இலக்கம் ஆகிய நாலும் வெளியே தெரிய வேண்டும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உத்தரவாதக் கம்பனியாக 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் பதிந்தவையும் உண்டு. எதில் பதிந்திருந்தாலும் ஒரு இலக்கம் இருக்கும். தனி ஆளின் வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் ஒட்டியிருந்தால், அந்த ஆளைத் தெரிந்திருந்தால் கொடுங்கள், தெரியாவிட்டால் விடுங்கள்.

அனர்த்த காலத்தில் இந்தக் கவனமெல்லாம் கரைந்துவிடும், கரைவதும் இயல்பு. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைகள் இறங்கியபோதும் கணக்குப் பார்த்துக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அப்போதுதான் கடைசித் திகதி இல்லாத பெட்டிகள் முளைக்கின்றன. சேர்ப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடியும், எந்தப் பிரதேச செயலகத்திடம் அல்லது எந்த அமைப்பிடம் போகிறது என்பது பெட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். கடை வாசலில் வைக்கும் பொருள் தள்ளுவண்டிக்கும் இதே விதிதான். அதில் போட அதே கடையில் அரிசியும் பருப்பும் வாங்குகிறோம். அந்தப் பொருளைக் கடை வழமையான இலாபத்தோடு விற்கிறதா, கொள்விலைக்குத் தருகிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. முகாமில் பழைய துணி மலையாகக் குவிந்து, பால்மாவும் பெண்களுக்கான துவாயும் இல்லாமல் போவதும் கேட்காமல் கொடுப்பதால்தான். முதலில் கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கோல் எடுத்து எது தேவை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடை வைத்திருக்கும் முதலாளிமாருக்கும் ஒரு பகுதி சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கே தொடங்குகிறது. தர்மத்துக்குத் தனிப் பட்டன், வற் இல்லாத வகை, தனிப் பேரேடு வையுங்கள். ஒவ்வொரு இரவும் மெஷின் அறிக்கையில் வரும் டொனேஷன் மொத்தத்தைக் கல்லாக் காசிலிருந்து பிரித்துத் தனி உறையில் போடுங்கள். கல்லா 200 ரூபா குறைந்தால் அந்த உறையைத் தொடக் கூடாது. அன்றைக்குத் தொட்டால் பிறகு நிற்காது. உண்டியல் திறக்கும்போது இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் வாங்கும் நிறுவனத்துக்காரராக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை காசை அனுப்பி, வங்கிச் சீட்டின் கொப்பியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கார்டில் வந்த தர்மத்துக்கு வங்கி கழிக்கும் கமிஷனைக் கடையே ஏற்பதா, தர்மத்திலிருந்து கழிப்பதா என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

கேட்காமல் சேர்த்துவிட்டார்கள், திருப்பித் தரவும் மறுக்கிறார்கள் என்றால் பில்லை எறிய வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. வாடிக்கையாளரை ஏமாற்றும் விதமாக நடப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு கோல் எடுக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். வெப்பத்தில் அச்சாகும் பில்லின் எழுத்து நாளாக மங்கிவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்து, திகதி, நேரம், கல்லா இலக்கம், கெஷியர் இலக்கம் நாலும் படத்தில் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழிலேயே எழுதலாம். 12 ரூபாவுக்கு முறைப்பாடா என்று கேட்பார்கள். ஒரு கல்லாவில் ஒரு நாளைக்கு எத்தனை பில் விழுகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.